நீக்கிய கல்லுக்கு எழுத்து ஏது?

பழமையைப் போற்றுகிறோம் என்று சொல்வது எளிது. எந்த ஆண்டின் பழமையை என்று ஒருவர் திருப்பிக் கேட்டால்தான் இடர்ப்பாடு தொடங்குகிறது. தொள்ளாயிரம் ஆண்டு நின்ற கட்டடத்துக்குத் தொள்ளாயிரம் ஆண்டும் வாழ்வுதான். கட்டியவன் ஒருவன், இடிந்ததை எடுத்துக் கட்டியவன் ஒருவன், மணிக்கூண்டு சேர்த்தவன் ஒருவன், சுண்ணாம்பு அடித்தவன் ஒருவன். இவர்களுள் முதலாமவன் மட்டுமே உரிமையாளன், பின்வந்தோர் எல்லாரும் அயலார் என்று சொல்லலாமா? அவ்வாறு சொல்லிக்கொண்டு அயலார் கைவேலையை அகற்றலாமா?

இந்தக் கேள்விக்கு நான் அறிந்தவரையில் மிகச் சிறந்த சாட்சி ஸ்பெயின் நாட்டில் ஒரு சிற்றூரில் நிற்கிறது. ஊரின் பெயர் ஃப்ரோமிஸ்தா. கோயிலின் பெயர் புனித மார்த்தீன் கோயில்.

வடக்கு ஸ்பெயினில் பலென்சியா மாகாணம் கோதுமை விளையும் சமவெளி. மரம் அரிது, நிழல் அரிது. அவ்வெளியின் ஊடே மேற்கு நோக்கி ஒரு பாதை போகிறது. பிரெனே மலையைக் கடந்து வரும் யாத்திரீகர்கள் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகருக்குச் செல்லும் பாதை அது. அந்நகரில் இயேசுவின் சீடராகிய யாகப்பரின் கல்லறை உள்ளது என்பது 9ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் நம்பிக்கை. நம் தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சந்தியாகப்பர் என்று அழைக்கிறார்களே, அந்தப் பெயரும் இந்தச் சாந்தியாகோவும் ஒன்றே. ஃப்ரோமிஸ்தாவை அடையும் யாத்திரீகனுக்கு இன்னும் 400 கிலோமீட்டருக்கு மேல் நடை மீதி இருக்கிறது. 1993இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்றும் மக்கள் தோளில் மூட்டையும் கையில் கோலுமாக இவ்வழியே நடக்கிறார்கள்.

நவார் நாட்டு மன்னன் மூன்றாம் சாஞ்சோ 1035இல் இறந்தான். அவன் மனைவி தோன்யா மயோர் கைம்பெண்ணாக நெடுநாள் வாழ்ந்து, 1066இல் ஓர் உயில் எழுதிவைத்தாள். ஃப்ரோமிஸ்தாவில் தான் எழுப்பிவரும் புனித மார்த்தீன் மடத்தைப் பற்றி அவ்வுயில் பேசுகிறது. கோயிலின் வேலை 11ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் வரை நடந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலர் துணிபு. 1118இல் அரசி உர்ராக்கா இம்மடத்தை, அடுத்த பெரிய ஊராகிய கர்ரியோனில் இருந்த சான் சோயிலோ மடத்துக்குக் கொடுத்துவிட்டாள். மடம் மறைந்தது. கோயில் மட்டும் நிற்கிறது.

நிற்கும் கோயில் கண்ணுக்கு இனியது. அதன் படங்களையும் தள வரைபடத்தையும் பார்த்தாலே அதன் ஒழுங்கு புலப்படும். இளமஞ்சள் நிறக் கல். நீளவாட்டில் மூன்று கூடங்கள். அவற்றின் மேல் பீப்பாயை நெடுக்கே பிளந்து கவிழ்த்தாற்போன்ற வளைகூரைகள். கிழக்குக் கோடியில் மூன்று அரைவட்டக் கருவறைகள். நடுவே எண்கோணக் கோபுரம். மேற்கு முகப்பில் இருபுறமும் இரண்டு உருண்டைக் கோபுரங்கள். சுவர்களைச் சுற்றிச் சதுரங்கப் பலகை போன்ற கட்ட வரிசை ஒரு பட்டையாக ஓடுகிறது. இந்தப் பட்டை ஸ்பெயினின் வடகிழக்கில், இதே யாத்திரைப் பாதையின் ஒரு கிளையில் உள்ள ஹாக்கா நகரத்துக் கோயிலின் பெயரால் வழங்குகிறது. யாத்திரீகர் நடந்த வழியே கல்தச்சரும் நடந்தனர். அவர்களோடு பாணியும் நடந்தது.

கூரை விளிம்பின் கீழே 300க்கு மேற்பட்ட சிறு கல்தாங்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், ஒரு விலங்கு, ஒரு பூதம், அல்லது ஒரு வேடிக்கை மனிதன். உள்ளே தூண்தலைகளில் ஆதாமும் ஏவாளும் இருக்கிறார்கள். நாம் பாலர் வகுப்பில் படித்த நரியும் காக்கையும் கூட இருக்கின்றன. ரோமனெஸ்க் என்று சொல்லப்படும் இடைக்காலக் கட்டடப் பாணிக்கு ஸ்பெயினில் இதைவிட முழுமையான எடுத்துக்காட்டு இல்லை என்று வழிகாட்டி நூல்கள் ஒருமுகமாகப் புகழ்கின்றன.

அந்த ‘முழுமை’ என்ற சொல்லில்தான் என் வழக்கு இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கோயிலைக் கண்டவர் முழுமையைக் காணவில்லை. சுவர்கள் பிளந்திருந்தன. இடையில் வந்த நூற்றாண்டுகள் தத்தம் தேவைக்கேற்பக் கட்டடத்தில் கைவைத்திருந்தன. எண்கோணக் கோபுரத்தின் தலைமேல் மணிகளுக்காக வேறொரு மாடம் ஏற்றப்பட்டிருந்தது. பக்கங்களில் பிற்காலக் கட்டடங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. 1894இல் அரசு இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. பின்னர் மனுவேல் அனீபல் ஆல்வாரெஸ் என்ற கட்டடக் கலைஞரின் பொறுப்பில் திருப்பணி நடந்தது; 1904இல் முடிந்தது. சிதைந்த பகுதிகளைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். தேய்ந்த தூண்தலைகளையும் தாங்கிகளையும் எடுத்துவிட்டுப் புதியன செதுக்கி வைத்தார்கள். பிற்காலத்தில் சேர்ந்தவற்றை நீக்கினார்கள். மணிமாடமும் போயிற்று. 11ஆம் நூற்றாண்டுக் கோயில் தன் ‘தூய’ வடிவில் வெளிப்பட்டது.

இன்று யாத்திரீகன் வியந்து நிற்பது 1066க்கும் 1904க்கும் பிறந்த பிள்ளையைப் பார்த்து. இடையில் இருந்த தலைமுறைகள் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டுவிட்டன.

ஆல்வாரெஸ் தனி மனிதராக இதைச் செய்துவிடவில்லை. அவர் காலத்து ஐரோப்பாவில் இரண்டு கட்சிகள் இருந்தன. பிரான்சில் வியோலே-லெ-தூக் ஒரு கட்சியின் தலைவர். 1840இல் வெசெலே நகரத்துக் கோயிலில் தம் திருப்பணியைத் தொடங்கியவர் அவர்; சாந்தியாகோ யாத்திரையின் தொடக்க இடங்களுள் ஒன்று அந்த ஊர். கட்டடத்தை அதன் பாணிக்கு உரிய நிறைவான நிலைக்குக் கொண்டுவருவதே திருப்பணி. அந்த நிறைவு வரலாற்றில் எந்த நாளிலும் இருந்திராததாகக்கூட இருக்கலாம் என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் எதிர்க்கட்சி. 1849இல் வெளிவந்த தம் நூலில், இத்தகைய திருப்பணி என்பதே ஒரு பொய், கட்டடத்துக்கு நேரும் அழிவுகளிலெல்லாம் கொடியது என்று அவர் சாடினார். நாள்தோறும் பேணுங்கள், பேணியும் வீழுமானால் வீழட்டும், போலியை நிறுத்தாதீர்கள் என்பது அவர் வாதம்.

இவ்விருவரில் யார் பக்கம் நிற்பது? எனக்கு இருவரிடமும் முழு உடன்பாடு இல்லை.

முதலில் ரஸ்கினைப் பார்ப்போம். அவர் சொல் உயர்ந்தது. ஆனால் கல்லுக்கு அது உதவாது. கல்லுக்குள் நுண்துளைகள் உண்டு. மழைநீர் அவற்றில் ஊறும். சமவெளியில் குளிர்கால இரவில் வெப்பம் சுழிக்குக் கீழே இறங்கும்போது அந்நீர் உறையும். உறையும் நீர் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருக்கும். பருத்த பனி கல்லை உள்ளிருந்தே பிளக்கும்; மறுநாள் வெயிலில் உருகி, பிளவில் இன்னும் ஆழமாக இறங்கும். இப்படி எண்ணூறு குளிர்காலம்! வளைகூரையோ தன் பாரத்தால் சுவரை ஓயாமல் வெளிப்புறம் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் ‘தொடாதே’ என்பது ‘விழட்டும்’ என்பதற்கு மறுபெயர். கோயில் ஊராருக்கு ஞாயிறுதோறும் வேண்டியது. வழிநடப்போனுக்கு நிழல் தருவது. அதை அழகாகச் சாகவிடும் உரிமை அயல்நாட்டு ரசிகனுக்குக் கிடையாது. ஃப்ரோமிஸ்தாவைப் பழுது பார்த்தவர்கள் அதைக் காத்தார்கள். பார்க்காமல் விட்டிருந்தால், நாம் இன்று வாதாடுவதற்கு ஒரு கற்குவியல்தான் மிஞ்சியிருக்கும்.

இனி மற்றக் கட்சியின் ‘தூய பாணி’யைப் பார்ப்போம். தூய்மை என்று அவர்கள் எதைச் சொன்னார்கள்? ரோமனெஸ்க் என்ற பெயர்க் கருத்தே 1818இல் பிரெஞ்சு அறிஞர் தெ ஜெர்வில் ஒரு கடிதத்தில் எழுதியது. தோன்யா மயோரின் கல்தச்சர் எவரும் ‘நான் ரோமனெஸ்க் பாணியில் கட்டுகிறேன்’ என்று எண்ணி உளியை எடுத்திருக்க முடியாது. தமக்குத் தெரிந்ததையும், வழியில் கண்டதையும், மனத்துக்குப் பிடித்ததையும் சேர்த்துக் கட்டினார்கள்.

இதற்கு அக்கோயிலுக்குள்ளேயே சான்று உண்டு. ஃப்ரோமிஸ்தாவுக்குத் தொலைவில் இல்லாத உசில்யோஸ் என்ற ஊரின் மடத்தில் ரோமானியர் காலத்துக் கற்பேழை ஒன்று இருந்தது. இப்போது அது மத்ரித் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் உள்ளது. தந்தையின் கொலைக்காகத் தாயையே பழிவாங்கிய ஒரெஸ்தஸ் என்னும் கிரேக்கக் கதைமாந்தனின் வரலாறு அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஃப்ரோமிஸ்தாவின் தூண்தலை ஒன்றில் உள்ள உருவங்கள் அந்தப் பேழையைப் பார்த்துச் செய்தவை என்று கலை வரலாற்றாசிரியர் செராஃபின் மொராலெஹோ எடுத்துக்காட்டினார். கிறிஸ்தவச் சிற்பி ஒருவன், ஆயிரம் ஆண்டை நெருங்கிய பிணப்பேழையில் இருந்த வேற்றுச் சமயத்துக் கதையின் உடலமைப்பையும் ஆடை மடிப்பையும் கடன் வாங்கித் தன் கோயிலில் வைத்தான்! அந்தத் தூண்தலையின் சிதைந்த மூலம் இன்று பலென்சியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயிலில் நிற்பது அதன் படி.

எந்தத் தூய்மையை மீட்கப் பிற்காலச் சுவர்களை இடித்தார்களோ, அந்தத் தூய்மை கட்டிய நாளிலேயே இல்லை. கலந்து கட்டியதுதான் அதன் பிறவிக் குணம். ரோமானியக் கதையைக் கடன் வாங்கிய கோயிலில், பின்னாளில் வந்தவன் ஒரு மணிமாடம் வைத்தால் மட்டும் அது எப்படிக் களங்கமாகும்?

ஆனாலும் ஆல்வாரெஸின் திருப்பணியில் நான் தலைவணங்கும் செயல் ஒன்று உண்டு. புதிதாகச் செதுக்கி வைத்த தூண்தலைகளிலும் தாங்கிகளிலும் ‘ஆர்’ என்ற ரோமன் எழுத்து பொறிக்கப்பட்டது. திருப்பணியில் செய்தது என்பதற்கு அது அடையாளம். ‘இது பழையதன்று, நாங்கள் செய்தது’ என்று அந்த ஓர் எழுத்து ஒளிவு மறைவின்றிச் சொல்கிறது. 1883இலேயே ரோம் நகரில் கூடிய பொறியாளர் மாநாட்டில், புதிதாகச் சேர்ப்பனவற்றுக்கு ஆண்டோ அடையாளமோ இடவேண்டும் என்று இத்தாலியரான கமில்லோ போய்தோ வற்புறுத்தியிருந்தார். 1964இல் உருவான வெனிஸ் சாசனம், இழந்த பகுதிக்கு ஈடாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும். அதே நேரத்தில் மூலத்திலிருந்து பிரித்தறியவும் தக்கதாக இருக்க வேண்டும் என்று விதித்தது.

விஞ்ஞானம் படிக்கும் நமக்கு இந்த நாணயம் புதிதன்று. வரைபடத்தாளில் அளந்து கண்ட புள்ளிகளைப் புள்ளிகளாகவே இடுகிறோம். அவற்றின் இடையே நாம் ஊகித்த கோட்டைக் கோடாக வரைகிறோம். ஊகத்தையும் புள்ளியாகவே இட்டால் படம் அழகாக இருக்கும். ஆனால் அது மோசடி. இலக்கியம் படிக்கும் நண்பர்களுக்கும் இது தெரியும். ஏட்டில் செல்லரித்த இடத்தைச் செல்லரித்ததென்றே காட்டி, பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருபவரே நல்ல பதிப்பாசிரியர். தாமே ஓர் அடி புனைந்து நடுவில் செருகுபவருக்கு வேறு பெயர் உண்டு.

இது மேல்நாட்டார் கண்ட புது நெறி என்று எவரும் எண்ண வேண்டா. ஃப்ரோமிஸ்தா எழுந்த அதே 11ஆம் நூற்றாண்டில் காவிரி நாட்டிலும் இந்த நாணயம் இருந்தது. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. படியெடுத்து வெட்டிய செய்தியையும் அந்தக் கல்வெட்டே சொல்கிறது. அது தமிழில் எழுதிய ‘ஆர்’ அல்லவா?

இனி என் கருத்தின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். ‘ஆர்’ என்ற எழுத்தை எங்கே பொறிக்க முடியும்? வைத்த கல்லில் பொறிக்கலாம். எடுத்தெறிந்த கல்லுக்கு எங்கே பொறிப்பது? ஃப்ரோமிஸ்தாவின் புதிய தாங்கியை யாத்திரீகன் அண்ணாந்து பார்த்து, இது புதியது என்று அறிந்துகொள்ளலாம். எண்கோணக் கோபுரத்தின் மேல் தெரியும் நீல வானத்தைப் பார்த்து, இங்கே ஒரு மணிமாடம் இருந்தது, நூற்றாண்டுக் கணக்கில் இந்த ஊரின் பிறப்பையும் இறப்பையும் அறிவித்தது என்று அவன் எப்படி அறிவான்? வானத்தில் எழுத்து நிற்காது.

சேர்ப்பதும் நீக்குவதும் திருப்பணியில் சமமான இரண்டு வேலைகள் அல்ல என்பதே நான் சொல்ல வந்தது. தவறாகச் சேர்த்ததைப் பின்னால் வருவோர் அடையாளம் கண்டு திருத்தலாம். தவறாக நீக்கியதைத் திருத்த வழியில்லை. திரும்பக் கட்டினாலும் அது புதிய கல்லே. ஆகவே சேர்ப்பவனுக்கு ஒரு பங்கு எச்சரிக்கை போதுமென்றால், நீக்குபவனுக்குப் பத்துப் பங்கு வேண்டும். நடைமுறையிலோ இது தலைகீழாக இருக்கிறது. புதிதாகக் கட்டப் பணம் வேண்டும், அனுமதி வேண்டும், திட்டம் வேண்டும். இடிப்பதற்குக் கடப்பாரையும் ஒரு கொள்கையும் போதும்.

மறுப்போர் இரண்டு சொல்வர். ‘மணிமாடத்தின் பாரம் கோபுரத்தையே அழுத்தி நொறுக்கினால் என் செய்வது?’ என்பது முதல் மறுப்பு. நியாயமான கேள்வி. பாரம் ஆபத்தானால் இறக்கத்தான் வேண்டும், உயிர் பெரிது. ஆனால் அப்போது காரணம் எடையாக இருக்க வேண்டும். ‘பாணிக்கு ஒவ்வாது’ என்பதாக இருத்தல் ஆகாது. எடையை அளக்கலாம், ஒவ்வாமையை அளக்க முடியாது. அளக்கக்கூடிய காரணம் இல்லாமல் எதையும் நீக்கக் கூடாது என்று ஒரு விதி செய்தால், பாதி அழிவு நின்றுவிடும்.

‘இத்தனை பேர் வந்து மகிழ்வது அந்தத் தூய வடிவத்தால்தானே? மாடமும் கொட்டகையுமாக நின்றிருந்தால் யார் வருவார்?’ என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு, மறைக்க மாட்டேன். ஃப்ரோமிஸ்தா இன்று அழகாக இருப்பதற்கு அந்த நீக்கமும் ஒரு காரணம். ஆனால் அழகுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது கணக்கில் எழுதப்பட வேண்டும். விலையை எழுதாத கணக்குப் பொய்க் கணக்கு. இதுதான் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய உருவம் என்று யாத்திரீகனிடம் சொல்வது அரை உண்மை. இது அந்நாளைய கோயிலைப் பற்றி 1904இல் மக்கள் கொண்டிருந்த கருத்து என்று சொல்வதே முழு உண்மை. அந்த முழு உண்மை கோயிலின் மதிப்பைக் குறைக்காது. இன்னொரு நூற்றாண்டையும் அதன் வயதோடு சேர்க்கும்.

ஸ்பெயின் நாடே பின்னர் இந்தப் பாடத்தைக் கற்றது. 1923 முதல் கிரானதாவின் அல்ஹாம்பிரா அரண்மனையைப் பேணிய தோர்ரெஸ் பல்பாஸ், இருப்பதை நிலைநிறுத்துவதே கடமை, இல்லாததைக் கற்பிப்பது கடமையன்று என்ற கட்சியைச் சேர்ந்தவர். 1933இல் வந்த சட்டம் நினைவுச் சின்னங்களை மறுபடைப்புச் செய்யும் முயற்சியைத் தடுத்தது. வெனிஸ் சாசனமும், எல்லாக் காலத்தவரின் உரிய பங்கையும் மதிக்க வேண்டும், பாணி ஒருமை திருப்பணியின் குறிக்கோள் அன்று என்று தெளிவாகக் கூறிவிட்டது. ஃப்ரோமிஸ்தாவுக்கு இவை காலங்கடந்து வந்தன. மற்றவற்றுக்குக் காலம் இருக்கிறது.

இன்றைக்கு வசதிகளும் மிகுதி. லேசர் ஒளிக்கற்றையால் கட்டடத்தின் ஒவ்வொரு பிளவையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து வைக்கலாம். நூற்றுக்கணக்கான புகைப்படங்களை இணைத்து முழு உருவத்தையும் கணிப்பொறியில் நிறுத்தலாம். எதையேனும் நீக்கியே தீரவேண்டுமானால், நீக்குவதற்கு முன் அதன் உருவைப் பதிந்துவைக்காமல் இருப்பதற்கு இன்று சாக்கே இல்லை. நீக்கிய கல்லுக்கு வானத்தில் எழுத முடியாவிட்டாலும், வாசலில் ஒரு பலகையிலாவது எழுதலாம்: இங்கே இது இருந்தது, இந்த ஆண்டில், இந்தக் காரணத்துக்காக எடுத்தோம்.

நண்பர்களே! நம்முள் சிலர் பொறியாளர் ஆவோம். சிலர் வரலாறு எழுதுவோம். சிலர் ஏதேனும் ஒரு குழுவில் அமர்ந்து, ‘இந்தப் பழஞ்சுவரை என்ன செய்யலாம்?’ என்ற கோப்பில் ஒப்பமிடுவோம். அன்று எவரேனும் ‘தூய வடிவம்’ என்ற சொல்லை உச்சரித்தால், சற்றே நிறுத்தி இரண்டு கேள்வி கேளுங்கள். சேர்ப்பதில் எங்கே அடையாளம் இடப்போகிறீர்கள்? நீக்குவதை எங்கே எழுதிவைக்கப் போகிறீர்கள்? இவ்விரண்டுக்கும் விடை வரும் வரையில் பேனாவை மூடியே வைத்திருங்கள்.